வடக்கே போன பாறை

யுவ வருஷம், ஆனி 12

இன்றைக்கு வந்த கப்பலிலிருந்து இறங்கியவை: இரும்புப் பெட்டி நான்கு, புளித்துப்போன திராட்சை ரசம் ஒரு பீப்பாய், சித்திரக்காரர் ஒருவர். சித்திரக்காரர் பெயர் யோஸ்து. செப்புத் தகட்டில் கோடு கீறி, அதில் மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி, ஒரே படத்தை நூறு படமாக்குவாராம். நம்முடைய கடற்கரையைப் படமாக்கிக் கப்பல்களுக்கு அனுப்பப் போகிறார்களாம். கோட்டைத் துரை என்னைக் கூப்பிட்டு, "அம்பலவாணப் பிள்ளை, இவர் கேட்பதையெல்லாம் ஆட்களுக்கு எடுத்துச் சொல்லும்" என்றார்.

என் தொழில் அதுதான். இந்தக் கொற்றம்பட்டினம் கோட்டையில் இருபத்திரண்டு வருஷமாகத் துபாசி. துரைகள் பேசுவதைத் தமிழிலும், நம்மவர் பேசுவதை உலாந்தா பாஷையிலும் சொல்கிறவன். இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளாதபடி சொல்கிறவன் என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனி 13

பல்வலி. கிராம்பு வைத்துக் கடித்தேன்.

ஆனி 19

யோஸ்து துரை கடற்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். சலங்குக்காரர்கள் படகைக் கரைக்கு இழுப்பதை வரைய வேண்டுமாம்.

சலங்கு என்பது கயிற்றால் தைத்த பலகைப் படகு. ஆணி கிடையாது. நம் ஊருக்குத் துறைமுகம் இல்லை; கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், அங்கிருந்து மனிதனும் மூட்டையும் சலங்கில்தான் அலை தாண்டிக் கரைசேர வேண்டும். பன்னிரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள். பின்னால் நின்று அலை பார்த்து வழி சொல்கிறவன் தண்டல். நம் தண்டல் பெயர் ஏகாம்பரம். கோட்டைக்குத் தெற்கே தண்ணீருக்கடியில் ஒரு பாறை படுத்திருக்கிறது. அதில் எந்தக் கப்பல் மோதினாலும் தண்டலுக்குத் தூக்கு என்பது கோட்டைச் சட்டம். சட்டம் எழுதிய துரை பாறையைப் பார்த்ததில்லை.

ஆட்கள் படகை இழுத்தார்கள். முகத்தில் கஷ்டம் போதாது என்றார் யோஸ்து துரை. மறுபடியும் கடலில் தள்ளி மறுபடியும் இழுத்தார்கள். இப்படிப் பதினொரு முறை. ஏகாம்பரம் என்னிடம் வந்தான்.

"ஐயா, படகுல ஒண்ணுமே இல்லியே. எதுக்கு இழுக்கறோம்னு தெரிஞ்சாலாவது கொஞ்சம் மூஞ்சியச் சுளிப்போம்."

நான் துரையிடம், "படத்தில் வரக் கிடைத்த பாக்கியத்தை எண்ணி ஆட்கள் மகிழ்கிறார்கள்" என்றேன். மகிழ்ச்சி வேண்டாம், கஷ்டம்தான் வேண்டும் என்றார் துரை.

ஆனி 27

கடலுக்குள் போய், அங்கிருந்து கரை எப்படித் தெரிகிறது என்று துரை வரைந்தார். நானும் சலங்கில் போக வேண்டியதாயிற்று. மூன்று முறை வாந்தி எடுத்தேன். ஏகாம்பரம் என் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அப்படித்தான் எப்போதும் பிடித்துக்கொள்வான். பிலவங்க வருஷத்தில் சலங்கு கவிழ்ந்தபோது என் குடுமியைப் பிடித்துத் தூக்கி எடுத்தவன். அதை இங்கே எழுத அவசியமில்லை.

ஆடி 5

காகிதத்தில் வரைந்து முடித்ததைத் துரை காட்டினார்.

கரை இருக்கிறது, நடுவில் கோட்டை இருக்கிறது, இடது பக்கம் பாறை மேல் நுரை அடிக்கிறது. கடலிலிருந்து பார்த்தால் இடது பக்கம் தெற்கு, எல்லாம் சரி. ஆனால் அலைகள் ஒவ்வொன்றும் தென்னை உயரம். அன்றைக்குக் கடல் தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது. கேட்டதற்கு, இயற்கையின் பெருமையைக் காட்ட வேண்டும் என்றார் துரை. மனிதரெல்லாம் எறும்பு அளவு; பாதிப் பேர் துடுப்புப் போட, பாதிப் பேர் படகில் எழுந்து கையைத் தூக்கி நிற்கிறார்கள். அதுவும் இயற்கையின் பெருமைக்காகத்தான்.

ஏகாம்பரமும் எட்டிப் பார்த்தான். "இந்த அலையில எவன் சலங்கு எறக்குவான்? கள்ளு குடிச்சவன்கூட எறக்கமாட்டான்யா." பிறகு விரல் விட்டு எண்ணினான். "துடுப்புக்கு ஒன்பது பேருதான் இருக்கான். மிச்சம் மூணு பேரு எங்க?"

மூன்று பேருக்கு இடமில்லை என்றார் துரை. நான் ஏகாம்பரத்திடம், அவர்கள் அலைக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்றேன்.

முன்பக்கத்தில் ஒரு மணல் திட்டு வரைந்து அதன்மேல் குடை பிடித்த பெரிய மனிதர் ஒருவரை நிறுத்தியிருக்கிறார். அது நான். என் உருவம் கட்டைவிரல் உயரம் இருக்கும். மூக்கும் மேல்துண்டின் கரையும் தெளிவாக வந்திருக்கின்றன. நான் நிற்கும் இடத்தில் மெய்யாகவே ஆறு ஆள் ஆழம். ஆனாலும் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நிலம் வேண்டும் என்பது நியாயம்தான்.

கோட்டைத் துரை பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கோயில் கோபுரம் கோட்டைக் கொடிமரத்தைவிட உயரமாகத் தெரிகிறது, எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டார்கள்.

எல்லாம் சரியென்று என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

ஆடி 18

பெருக்கு. வீட்டில் சித்திரான்னம் ஐந்து வகை. புளியஞ்சாதத்தில் உப்பு கூடுதல் என்று சொன்னேன். என் மனைவி கற்பகத்தம்மாள் என் இலையிலிருந்த புளியஞ்சாதத்தை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டாள்.

யோஸ்து துரை தகட்டில் மெழுகு பூசி, புகையில் கறுப்பாக்கி, காகிதத்தில் இருந்ததை அப்படியே ஊசியால் கீறினார். பிறகு திராவகம் ஊற்றினார். கீறின இடத்தைத் திராவகம் தின்றுவிடுகிறது. அறை முழுவதும் நாற்றம். அடியில் எழுத்தை மட்டும் கண்ணாடி பார்த்து இடம்வலம் மாற்றி எழுதினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. துரைகள் செய்வதற்கெல்லாம் காரணம் கேட்டால் தொழில் நடக்காது.

ஆவணி 7

படம் வந்துவிட்டது. மை காய்வதற்குள் கோட்டைத் துரை மூன்று முறை வந்து பார்த்தார். அடியில் எழுதியிருப்பது: கொற்றம்பட்டினக் கரையின் மெய்யான தோற்றம், கப்பலோட்டிகளின் உபயோகத்துக்கு. அதன்கீழ் கோட்டைத் துரை பெயர். அதன்கீழ் சிறிய எழுத்தில், சரிபார்த்தவர் துபாசி அம்பலவாணப் பிள்ளை.

என் பெயர் ஆயிரம் காதம் கடல் தாண்டிப் போகப்போகிறது. எனக்கு ஒரு படம் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆவணி 8

கற்பகத்தம்மாள் படத்தை விளக்கருகில் வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, துண்டு வலது தோள்ல கெடக்கு. கருமாதிக்கு நிக்கிறவரு மாதிரில்ல இருக்கீங்க."

பார்த்தேன். மெய்தான். மேல்துண்டை நான் இடது தோளில்தான் போடுவேன். வலது தோளில் போடுவது பித்ரு காரியத்துக்கு மட்டும். குடையும் கை மாறியிருக்கிறது. சித்திரக்காரர்கள் மறதிக்காரர்கள் என்றேன்.

"கூடத்துல மாட்டாதீங்க. அபசகுனம்" என்றாள். பெட்டிக்குள் வைத்தேன்.

ஆவணி 9

ஆட்கள் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று படத்தைக் கடற்கரைக்கு எடுத்துப் போனேன். எல்லாரும் இடது கையால் துடுப்புப் போடுகிறார்கள் என்று சிரித்தார்கள். ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. படத்தைக் கையில் வாங்கினான், கடலைப் பார்த்தான், மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"ஐயா, பாறை வடக்கே போயிடுச்சு."

"என்ன உளறுகிறாய்?"

"நல்லாப் பாருங்க. கோட்டைக்கு வலப்பக்கம் நுரை அடிக்குது. கடல்லேருந்து பாத்தா வலப்பக்கம் வடக்கு. இதை நம்பி வர்றவன் வடக்கே பாறைன்னு தெக்கால ஒதுங்குவான். நேரா பாறை மேல ஏறுவான். துரைகிட்ட சொல்லிடுங்கய்யா. எங்கழுத்து இதுல இருக்கு."

சொல்கிறேன் என்றேன்.

ஆவணி 10

யோஸ்து துரையிடம் கேட்டேன். அவர் சிரித்தார். தகட்டில் உள்ளது காகிதத்தில் வரும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும், இது குழந்தைக்கும் தெரியும் என்றார். "எழுத்து மாறினால் எல்லாரும் சிரிப்பார்கள், அதனால் அதைத் திருப்பி எழுதினேன். கடல் மாறினால் யாருக்குத் தெரியப்போகிறது? இது சித்திரம், ஓய். வழிகாட்டி என்று அடியில் எழுதச் சொன்னது உம்முடைய கோட்டைத் துரை."

திருத்த முடியுமா என்றேன். தகட்டைச் சுரண்டி முதலிலிருந்து செய்ய வேண்டும், இரண்டு மாதம் ஆகும், அவர் நாளைக்குக் கப்பலேறுகிறார். வேண்டுமானால் நீரே போய்ச் சொல்லும் என்றார்.

போனேன். கோட்டைத் துரை படத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். ஆணி அடிப்பவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "பிள்ளை, உமது பெயரைக் குறிப்பிட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். எப்படி இருக்கிறது படம்?" என்றார்.

நன்றாக இருக்கிறது என்றேன். சட்டம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதைச் சொன்னேன். சரி செய்தார்கள்.

ஆவணி 11

முப்பது படங்கள் கொழும்புக்குப் போயின. யோஸ்து துரையும் போனார். கடற்கரையில் ஏகாம்பரம் கேட்டான்.

"சொன்னீங்களாய்யா?"

"சொல்லிவிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்."

"அது போதும்யா" என்று கும்பிட்டுவிட்டு, யோஸ்து துரையின் பெட்டிகளைச் சலங்கில் ஏற்றப் போனான்.

ஆவணி 14

பல்வலி இல்லை. தூக்கமும் இல்லை.

ஆவணி 17

காற்று வாங்கக் கடற்கரைக்குப் போனேன்.

ஆவணி 18

காற்று வாங்கக் கடற்கரைக்குப் போனேன். தெற்கே ஒரு பாய் தெரிந்தது. மீன்பிடிக்கிற தோணி.

ஆவணி 23

கப்பலோட்டிகள் எல்லாரும் தேர்ந்தவர்கள். கண் இருக்கிறது, ஆழம் பார்க்க ஈயக்குண்டு இருக்கிறது. ஒரு காகிதத்தை நம்பி யாரும் கப்பல் ஓட்டமாட்டார்கள். இதைக் கற்பகத்தம்மாளிடம் சொன்னேன். "யாரு கேட்டா இப்ப?" என்றாள்.

ஆவணி 29

கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினேன். சரிபார்த்தவன் என்று என் பெயர் படத்தில் இருக்கும்போது, பிழையென்றும் நானே எழுதினால் படிக்கிறவர்கள் குழம்புவார்கள். கிழித்துவிட்டேன். மறுபடி எழுதினேன். மை கொட்டிவிட்டது.

புரட்டாசி 6

கொழும்புத் தபால் தோணியில் கடல் தாண்டித் தரைவழியாக வந்தது. புதிய கப்பல் ஒன்று கிளம்பியிருக்கிறது. கப்பித்தான் இந்தக் கரைக்குப் புதியவர். ஆனாலும் அவர் கையில் நம் படம் இருப்பதால் கவலையில்லை என்று எழுதியிருந்தார்கள். இதைக் கோட்டைத் துரை எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு முறை.

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். தொண்டை கட்டியிருந்தது. சுக்குக் கஷாயம் குடித்தேன்.

புரட்டாசி 7

ஏகாம்பரத்திடம் போய், தெற்கே எப்போதும் ஒரு கண் வைத்திரு என்றேன்.

"ஏங்கய்யா? துரைதான் பாத்துக்கறேன்னாரே."

"ஒரு ஜாக்கிரதைக்குத்தான்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்போதே போய்ச் சலங்கைத் தெற்கே நகர்த்தி நிறுத்திவிட்டான்.

புரட்டாசி 14

காலையில் கப்பல் வந்தது. மற்றக் கப்பல்களைப்போல் தூரத்தில் நங்கூரமிட்டு, பீரங்கி போட்டுச் சலங்கைக் கூப்பிட்டுக் காத்திருக்கவில்லை. நேராகக் கோட்டைக்குத் தெற்கே திரும்பியது.

ஏகாம்பரமும் பன்னிரண்டு பேரும் சலங்கை இறக்கினார்கள். காற்று ஏறிக்கொண்டிருந்தது, இந்த அலையில் எவன் இறக்குவான் என்று அவனே சொன்ன அலை. பாறைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு எழுந்து கையை ஆட்டினார்கள், தலைத்துணியை அவிழ்த்து ஆட்டினார்கள், கத்தினார்கள். நானும் கரையில் நின்று கத்தினேன். எந்தப் பாஷையில் கத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

கப்பல் நிற்கவில்லை. பாறையில் ஏறி, சாய்ந்து, நடுவில் பிளந்துபோயிற்று.

சலங்கு நான்கு நடை போய் நாற்பத்தொரு பேரைக் கொண்டுவந்தது. மூன்று மாலுமிகள் செத்துப்போனார்கள். அதில் ஒருவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. நான்காவது நடையில் ஏகாம்பரத்தின் தோள்பட்டை விலகிவிட்டது. கடைசி ஆளைக் கரையில் இறக்கிய பிறகு கோட்டைச் சிப்பாய்கள் வந்து, விலகாத கையையும் விலகிய கையையும் சேர்த்துக் கட்டினார்கள்.

மூன்று பேர். நான்தான்.

புரட்டாசி 16

விசாரணை. கோட்டைத் துரை நடு நாற்காலியில். அவருக்குப் பின்னால் சுவரில் படம். மொழிபெயர்க்க நான்.

கப்பித்தான் சொன்னார்: படத்தில் பாறை வடக்கே இருந்தது, ஆகவே தெற்கே திரும்பினேன். படகில் ஆட்கள் கை தூக்கி நிற்பதைப் பார்த்தேன். படத்திலும் படகுக்காரர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். இந்த ஊரில் வேலை செய்கிற விதமே அது என்று நினைத்தேன். அச்சு அசலாக வரைந்திருக்கிறார்களே என்று மெச்சக்கூடச் செய்தேன்.

கோட்டைத் துரை படத்தின் பக்கம் திரும்பவில்லை. படம் பிழையென்றால் பெயர் போட்டவர் பிழை. தண்டல் கையாட்டிக் கப்பலைப் பாறைக்கு அழைத்தான் என்பது அவருக்கு வசதியாக இருந்தது. சட்டமும் தயாராக இருந்தது. சொல்ல ஏதாவது உண்டா என்று தண்டலைக் கேளும் என்றார்.

கேட்டேன்.

ஏகாம்பரம் துரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "என்னத்தச் சொல்றதுங்கய்யா. பாறை தப்பா இருக்குன்னு நீங்க ஆவணியிலயே துரைகிட்ட சொல்லிட்டீங்க. பாத்துக்கறேன்னாரு. எல்லாம் தெரிஞ்ச மனுசன் எங்கழுத்தக் கேட்டா, நான் வாயத் தொறந்து ஆவப்போறது என்ன? செத்தவனுங்களக் கொண்டாந்து போட்டுட்டேன். அவனுங்க ஆத்தாளுக்குச் சேதி அனுப்பச் சொல்லுங்க."

என்ன சொல்கிறான் என்றார் துரை.

இருபத்திரண்டு வருஷத்தில் நான் எத்தனையோ சொற்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இன்றைக்கும் விட்டிருக்கலாம். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தாய்மாருக்குச் சேதி அனுப்பச் சொல்கிறான் என்று மட்டும் சொல்லியிருந்தால் அதுவும் பொய்யில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன்.

அவன் சொன்னதை முழுவதும் சொன்னேன். துரை எழுந்துவிட்டார். "என்னிடம் சொன்னீரா? எப்போது?"

"சொல்லவில்லை. சொன்னதாக இவனிடம் பொய் சொன்னேன். படம் கொழும்பு போவதற்கு இரண்டு நாள் முன்பே இவன் என்னிடம் சொல்லிவிட்டான். ஒரு நாள் முன்பு சித்திரக்காரரும் சொல்லிவிட்டார். அன்றைக்கு உங்களிடம் வந்தேன். சட்டம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனேன்."

படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, பின்புறம் தெரியும்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பாறை தெற்கே வந்தது. துரையும் கப்பித்தானும் நெடுநேரம் பார்த்தார்கள்.

சிப்பாய்கள் ஏகாம்பரத்தை அவிழ்த்துவிட்டு, அதே கயிற்றால் என்னைக் கட்டினார்கள். கயிறு ஈரமாக இருந்தது.

"என்னங்கய்யா சொன்னீங்க? ஏன் உங்களக் கட்டுறாங்க?"

"நீ சொன்னதைச் சொன்னேன். பிறகு நான் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் மாறியது. திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

புரட்டாசி 17

கோட்டைக் கிடங்கில் இருக்கிறேன். கற்பகத்தம்மாள் சோறு கொண்டுவந்தாள். நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "ஆவணியிலயே சொல்லியிருக்கலாம்" என்றாள். ஆமாம் என்றேன்.

புரட்டாசி 18

தீர்ப்பு வந்தது. கடற்கரையில் கசையடி இருபது. உத்தியோகம் போயிற்று, கோட்டை எல்லைக்குள் இனிக் கால் வைக்கக் கூடாது. படங்களைத் திரும்பப் பெற்று எரிக்கவும், தண்டல் பேரில் குற்றம் ஏதுமில்லை என்று ஊரறியச் சொல்லவும் உத்தரவு.

உத்தரவு உலாந்தா பாஷையில் இருந்தது. அடி கொடுப்பதற்கு முன் அதை ஊராருக்குத் தமிழில் வாசித்தாக வேண்டும். வேறு துபாசி இல்லாததால், கையை மட்டும் அவிழ்த்துவிட்டு என்னையே வாசிக்கச் சொன்னார்கள்.

வாசித்தேன். என் பெயர், நான் செய்தது, செத்த மூவரின் பெயர், தண்டல் ஏகாம்பரம் குற்றமற்றவன் என்பது, அடிகளின் எண்ணிக்கை. சலங்குக்காரர்கள் பின்னால், படகுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அலைச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று அங்கிருந்து யாரோ கத்தினார்கள்.

முதலிலிருந்து, இன்னும் உரக்க வாசித்தேன்.